கேப்டனின் மஞ்சள் அட்டை

முப்பத்தொரு விநாடி! அன்று காலை கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை. இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். குளியலறைக் கதவைத் தட்டி, "முப்பத்தொரு விநாடிங்க!" என்று உள்ளே இருந்த வீட்டுக்காரரிடம் நான்காவது முறையாகச் சொன்னாள்.

"நம்ம பொண்ணு மார்க் வாங்கிட்டு வந்தப்பகூட நீ இப்படிக் குதிச்சதில்லையே" என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

"குதிச்சாங்கப்பா. ஆனா அது வேற குதி" என்றாள் மகள், ரொட்டியைக் கடித்தபடி.

இதெல்லாம் கேப்டனின் காதில் ஏறினால்தானே! அவள் ஏற்கனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் நிறுவனம் ஒன்றின் அவசர அழைப்புப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு, அதனால்தான் அங்கே எல்லோருக்கும் அவள் கேப்டன். வேலையைச் சொன்னால் சுலபமாகத் தோன்றும். ஊரில் யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினால், மூன்றாவது மாடியில் இருக்கும் அவர்களுடைய அறையில் மணி அடிக்கும். எடுத்துப் பேச வேண்டும், மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். இவ்வளவுதானா என்பீர்கள். இவ்வளவுதான் என்றால் நானே போய்ச் செய்துவிடுவேன். கதவு திறக்கிற வரைக்கும் பேச்சை விடக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். உள்ளே நிற்கிறவர்களில் சிலர் அழுவார்கள். சிலர் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுவார்கள். ஒரு சிலர் திடீரென்று பேச்சையே நிறுத்திவிடுவார்கள், அந்த ரகம்தான் ஆளைக் கொல்லும். கதவு திறந்ததும் மெக்கானிக்குக் கை கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இங்கே அடுத்த மணி அடிக்கும்.

நான்கு மாதத்துக்கு முன்னால் பாட்டுக்காரி அப்படி ஒரு அழைப்பை எடுத்தாள். மணிக்கும் மணிக்கும் நடுவே ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன ஒருவரோடு ஐம்பது நிமிஷம் பேசினாள். பேச்சின் நடுவில் லைன் செத்துவிட்டது. லிஃப்டின் பேட்டரிதான் தீர்ந்தது, அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு லைன் செத்த ஏழாவது விநாடியில் அவள் அடுத்த அழைப்பை எடுத்தாள். அதன்பிறகு இன்னும் பதினொன்று. கடைசி அழைப்புக்கு வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. அன்று வீட்டுக்குப் போனவள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.

அந்தப் பதினொன்றையும் எடுக்கச் சொல்லி, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் சுவர்ப் பலகையைக் கை காட்டிக்கொண்டு நின்றது வேறு யாருமில்லை, நம்முடைய கேப்டன்தான். அந்தக் குற்ற உணர்ச்சி அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் முதலாளியின் அறைக்குள் நுழைந்து, மோசமான அழைப்பு முடிந்தால் பத்து நிமிஷம் எழுந்துபோக விட வேண்டும் என்று கேட்டாள்.

முதலாளி பழைய மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கியே நிறுவனத்தை வளர்த்தவர். "எனக்கு யாரும்மா பத்து நிமிஷம் குடுத்தாங்க?" என்று சிரித்தார். கேப்டன் விடவில்லை. உடும்புப் பிடியாகப் பிடித்தாள். மூன்று வாரம் கழித்து, தொல்லை தாங்காமல் ஒரு மாதம் மட்டும் என்று தலையாட்டினார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு அட்டை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் மஞ்சள். முடியவில்லை என்றால் மஞ்சளைத் திருப்பிவிட்டு எழுந்து போகலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. போய் உட்கார, பின்னால் இருந்த உதிரிபாக அறையைக் காலி செய்து, எல்லோருமாகச் சேர்ந்து வர்ணமடித்து, இரண்டு சாய்வு நாற்காலி போட்டார்கள்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டார் முதலாளி. மணி அடித்ததிலிருந்து போன் எடுக்கிற வரைக்கும் ஆகிற நேரம், மாதச் சராசரியில் நாற்பது விநாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அறை மறுபடியும் உதிரிபாகத்துக்கு, பாட்டுக்காரியின் நாற்காலி வேறு ஆளுக்கு. பாட்டுக்காரியும் போனில் சொல்லிவிட்டாள்: "அந்த ரூல் நிலைச்சா வரேன்க்கா. இல்லாட்டி என்னை மறந்துடுங்க."

அந்த மாதத்தின் கடைசி நாள் இன்று. மூன்று மணிக்கு முதலாளி வருகிறார். சராசரி முப்பத்தொன்று! கேப்டன் குதிக்காமல் என்ன செய்வாள்?

அலுவலகத்தில் மூன்று பேரும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். விடாமல் பேசுகிற ரேடியோ. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கே வந்த டீச்சர். கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் பெயர் மாறாத மாப்பிள்ளை. மூவர் வாயிலும் பல்தான் தெரிந்தது. மாப்பிள்ளை கேக் வாங்கி வந்திருந்தான். டீச்சர் அதை எத்தனை துண்டு போடலாம் என்று அட்டைப்பெட்டியின் மேலேயே கோடு போட்டுப் பார்த்தாள்.

"பாட்டுக்காரிக்கும் ஒரு துண்டு எடுத்து வைங்க, சாயங்காலம் நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றாள் கேப்டன்.

இரண்டு மணி வாக்கில் அழைப்புகள் சற்று ஓய்ந்தன. முதலாளி வருவதற்குள் அந்த ஓய்வு அறையைத் தூசு தட்டி வைக்கலாம் என்று கேப்டன் துணியோடு எழுந்தாள்.

"நான் தட்டறேன் கேப்டன்!" ரேடியோ துள்ளி எழுந்தான்.

"நீ உக்காரு."

"இல்ல, நான் போறேன்" என்று டீச்சர் குறுக்கே வந்தாள். மாப்பிள்ளை காதில் ஹெட்செட்டோடு திருதிருவென்று விழித்தான். இவர்களுக்கு இன்று என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே கேப்டன் கதவைத் திறந்தாள்.

வர்ணம் பளபளவென்று இருந்தது. நாற்காலிகள் இரண்டும் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன, ஒரு மடிப்புக்கூட விழவில்லை. அவள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளேயே மணி அடித்தது.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் ஒரு மடக்கு ஸ்டூல், பழைய ஹெட்செட் ஒன்று, சுவரின் பழைய இணைப்பிலிருந்து இழுத்த வயர். பக்கத்தில் மூன்று பேருடைய டிபன் பாக்ஸ்.

"வெளிய வாங்க மூணு பேரும்!" என்று கத்தினாள். வெளியே இருந்தது அவர்கள், உள்ளே இருந்தது அவள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. அந்த அழைப்பை எடுத்து முடித்துவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள். முகத்தில் ஈயாடவில்லை.

வாய் ஓயாத ரேடியோவுக்கே வார்த்தை தடுமாறியது. "கேப்டன்... மஞ்சளைத் திருப்பிட்டு இங்க வந்து... சும்மா உக்காராம... ரெண்டு மூணு கால் எடுத்தோம்."

"ரெண்டு மூணா?"

"சாப்பாட்டு நேரத்துலயும்" என்றாள் டீச்சர், தரையைப் பார்த்து. "அப்பதான் சராசரி இறங்கும். ஆளுக்கு இருபது நிமிஷம் முறை வச்சுக்கிட்டோம். நான்தான் கணக்குப் போட்டேன்."

இளைப்பாறத் திறந்த அறையில் திருட்டுத்தனமாக வேலை பார்த்திருக்கிறார்கள்! உலகத்தில் எந்த அலுவலகத்திலாவது இப்படி ஒரு களவு நடந்திருக்குமா? கேப்டனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலே ஆத்திரம் வந்தது.

"பைத்தியமா உங்களுக்கு? திங்கக்கிழமை பாட்டுக்காரி வந்து இந்த நாற்காலியில சாஞ்சதும் தலைக்குப் பின்னாடி மணி அடிச்சா என்ன ஆவா? உங்களுக்காகத்தானே நான் அந்த மனுஷனோட அவ்வளவு மல்லுக்கட்டினேன்!"

"உங்களுக்காகத்தான் நாங்களும் செஞ்சோம்" என்றான் மாப்பிள்ளை. அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. "நீங்க ஜெயிக்கணும்னு."

"ஒருத்தராவது ஒருநாளாவது உக்காந்திருக்கலாமே?"

கடைசியில் டீச்சர்தான் நிமிர்ந்தாள்.

"நீங்க ஒருநாளாவது உக்காந்தீங்களா கேப்டன்? போன வாரம் அந்தப் பொண்ணு அரை மணி நேரம் அலறிச்சே, முடிச்சிட்டு நீங்க தண்ணிகூடக் குடிக்காம அடுத்ததை எடுத்தீங்க. உங்க அட்டை முப்பது நாளும் வெள்ளைதான். அதைப் பாத்துட்டு எங்களுக்கு எப்படி எழுந்திரிக்கக் கால் வரும்? முதலாளிக்குக் காட்டத்தான் இந்த அறைன்னு நினைச்சோம்."

வர்ணமடித்து நாற்காலி போட்ட பிறகு இந்த அறைக்குள் தானே இன்றைக்குத்தான் முதல் தடவையாக நுழைந்திருக்கிறோம் என்பது கேப்டனுக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் காதெல்லாம் சூடேறியது. குனிந்து சுவரிலிருந்த வயரை வெடுக்கென்று பிடுங்கினாள். ஹெட்செட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்தது.

போனுக்கும் சுவர்ப் பலகைக்கும் மட்டும் பேட்டரி இருந்ததால் அவை அணையவில்லை. பலகையில் காத்திருப்போர் என்ற இடத்தில் இரண்டு என்று இருந்தது, ஐந்தானது, கண்ணிமைப்பதற்குள் பதினொன்றானது. ஜன்னல் வழியே பார்த்த ரேடியோ கத்தினான்: "கேப்டன், ஊரே போச்சு! சிக்னல்கூட எரியல!"

நான்கு பேரும் ஓடினார்கள். இனி எங்கே தூசு தட்டுவது, எங்கே கேக் வெட்டுவது? ஊரில் இருக்கிற லிஃப்டெல்லாம் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நின்றால் என்ன ஆகும் என்று அந்த அறையில் பார்த்திருக்க வேண்டும். ரேடியோ ஒரு பாட்டியிடம் அவருடைய பேரப்பிள்ளைகளின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டே இன்னொரு கையால் மெக்கானிக்குக்கு விலாசம் அனுப்பினான். டீச்சர் உள்ளே மாட்டிய ஆறு பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வைத்து யார் ஜெயிப்பது என்று போட்டி நடத்தினாள். அந்த அமளியிலும் கேப்டனுக்கு நெஞ்சு நிறைந்தது. என்ன பிள்ளைகள்!

முதலாளி சரியாக மூன்று மணிக்கு வந்தார். சொந்தக் கட்டடத்து லிஃப்டே நின்றுவிட்டதால் மூன்று மாடியையும் நடந்தே ஏறி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வாசலில் நின்றார். பலகையைப் பார்த்தார். காத்திருப்போர் பதினான்கு, சராசரி முப்பத்தெட்டு. அவர் பார்க்கப் பார்க்க அது முப்பத்தொன்பதானது.

கேப்டன் அவரைப் பார்க்கவே இல்லை. அவள் காதில் ஒரு பெயின்டர் இருந்தார். கட்டிக்கொண்டிருக்கிற கட்டடம், இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட், உள்ளே அவர் ஒருவர் மட்டும். முதலில் நன்றாகத்தான் பேசினார். பிறகு மூச்சு வாங்கினார். பிறகு ஒரு கிரீச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேப்டனுக்குத் தெரியும். கதவைக் கையால் நெம்புகிறார்!

"அண்ணே, கதவை விடுங்க."

"இடைவெளி தெரியுதும்மா. கீழ் மாடித் தரை தெரியுது. காலை விட்டு இறங்கிடுவேன்."

"வேணாம்ணே. கரண்டு வந்தா லிஃப்ட் தானா நகரும். கேளுங்க, என்ன கலர் அடிச்சீங்க இன்னிக்கு?"

"கலரா? எனக்கு இங்க மூச்சு முட்டுது, கலரைக் கேக்கறியே! ஒரு கால் இறக்கிட்டேன்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "காலை உள்ள இழு! இப்பவே இழு! நான் சொல்றேன்ல, இழுய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். இருபது வருஷ வேலையில் அழைத்தவரிடம் மரியாதை தவறி அவள் பேசிய முதல் வார்த்தை அது.

மடாரென்று ஒரு சத்தம். லிஃப்ட் நகரும் இரைச்சல். அந்தத் தெருவுக்கு மட்டும் மின்சாரம் வந்திருக்கிறது. கேப்டனுக்கு உயிரே நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு விநாடி.

"இழுத்துட்டேன்மா" என்றது குரல். "இப்ப மேல போகுது. இழுத்துட்டேன். ஐயோ, அம்மா..." அந்த மனிதர் குழந்தைபோல விசும்பினார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். லைன் முடிந்தது.

பலகையில் காத்திருப்போர் ஒன்பது. சராசரி நாற்பத்தொன்று. அடுத்த மணி அவள் மேசையில் மினுங்கியது. கை தானாக அதை நோக்கி நீண்டது. விரல்கள் வெடவெடவென்று நடுங்குவதை அவள் பார்த்தாள். எதிரே மூன்று பேரும் பேசிக்கொண்டே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேப்டன் அட்டையை மஞ்சளுக்குத் திருப்பினாள்.

"எங்கம்மா போற?" முதலாளிக்குக் குரல் ஏறியது. "ஒம்பது பேர் காத்திருக்காங்க!"

"தெரியும் சார். இந்தக் கையோட, இந்த மூளையோட அடுத்த ஆளுக்கு நான் தப்பா ஒண்ணு சொல்லிட்டா? பத்து நிமிஷம் கழிச்சு வரேன்."

"நாப்பதைத் தாண்டிடுச்சு பாத்தியா? இப்ப எழுந்து போனா எல்லாம் போச்சு!"

"அந்த முப்பத்தொண்ணும் பொய் சார். வந்து சொல்றேன்" என்றாள். அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. பெயின்டருக்காக அழுதாளா, பாட்டுக்காரிக்கு அன்றைக்குக் கொடுக்காத பத்து நிமிஷத்துக்காக அழுதாளா, அவளுக்கே தெரியாது. எல்லாவற்றையும் கோட்டைவிட்டுவிட்டோம் என்றும் தோன்றியது. இருந்தாலும் எழுந்து ஓடவில்லை. கதவுக்கு வெளியே மணி விடாமல் அடித்தது. பிறகு ஒரு கரகரத்த குரல் கேட்டது, "ஹலோ, நான் இருக்கேம்மா, பயப்படாதே. எந்த மாடி?" முதலாளியின் குரல்! பழைய மெக்கானிக்குக்கு மினுங்குகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

பத்து நிமிஷம் முழுசாக முடிந்த பிறகுதான் கேப்டன் வெளியே வந்தாள். ரேடியோவின் மேசையில் அட்டை மஞ்சளாக இருந்தது. அவளைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அவன் அறைக்குள் போனான். முதலாளி அவளுடைய நாற்காலியில் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கதவு திறக்க இன்னும் இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அதற்குள் அந்தப் பெண் இரண்டு தடவை பேச்சை நிறுத்தினாள். இரண்டு தடவையும் முதலாளியின் முகம் வெளுத்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

நான்கரை மணிக்கு ஊருக்கு வெளிச்சம் திரும்பியது. பலகையில் நாற்பத்தேழு என்று இருந்தது. கேப்டன் மறைக்காமல், பூசி மெழுகாமல், அலமாரிக்குப் பின்னால் இருந்ததை எல்லாம் சொன்னாள்.

"ஆக, நாலு பேரும் சேர்ந்து எனக்குக் காது குத்தியிருக்கீங்க" என்றார் முதலாளி. ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை. ஹெட்செட்டை இன்னும் கீழே வைக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "முப்பது வருஷம் நான் கதவைத் திறந்து விட்டவன்ம்மா. நான் போறப்ப எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் வெளிய வருவாங்க. அதுக்கு முன்னாடி உள்ள எப்படி இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. இந்த நாப்பது விநாடியை எவன் சொன்னது?"

"நீங்கதான் சார்."

"போன் எடுக்காதவன் சொன்னது அது." ஹெட்செட்டை மேசையில் வைத்தார். "அஞ்சு பேர் வேலையை நாலு பேர் பாத்தா எந்த அறை கட்டியும் பிரயோஜனம் இல்ல. முதல்ல அஞ்சாவது ஆளைப் போடு. அறை இருக்கட்டும். விநாடியை அப்புறம் பாத்துக்கலாம்."

"அஞ்சாவது ஆள் இருக்கா சார், வீட்டுல."

"அப்ப கூப்பிடு. நான் கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்" என்று சொல்லி, மேசையில் கேப்டன் வெள்ளைக்குத் திருப்பி வைத்திருந்த அட்டையைத் தேடி எடுத்து மஞ்சளாக்கிவிட்டு, பின்னறைக்குப் போனார். மறுபடி மஞ்சளைத் திருப்பிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருந்த ரேடியோ அவசரமாக எழுந்து வெளியே வர, "நீ உக்காருப்பா, ரெண்டு நாற்காலி இருக்குல்ல" என்றது அவர் குரல்.

கேப்டன் போனை எடுத்தாள். பாட்டுக்காரி எடுத்ததும் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். முப்பத்தொன்று பொய்யானது, நாற்பத்தேழு ஆனது, முதலாளி போன் எடுத்தது, அறை நிலைத்தது, திங்கட்கிழமை, நாற்காலி, கேக்.

மறுபுறம் நீண்ட நேரம் சத்தமே இல்லை. பேச்சை நிறுத்திவிடுகிற ஆட்களைக் கண்டு பயந்தே பழகிய கேப்டன், "இருக்கியாடி?" என்றாள்.

"நீங்க போனீங்களாக்கா?" என்று கேட்டாள் பாட்டுக்காரி.

"எங்க?"

"அந்த அறைக்குள்ள. நீங்க எழுந்து போனீங்களா?"

"போனேன். ஒம்பது பேர் காத்திருக்கறப்ப போனேன்."

"முழு பத்து நிமிஷமும்?"

"முழுசும். உக்காந்து அழுதேன்டி."

பாட்டுக்காரி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப வரேன்க்கா" என்றாள்.